குப்பைக்கு ஒரு சைட்

மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில். பல்லடம், சூலூர், அவிநாசி வட்டாரங்களில் சோளக்காடும் பருத்திக்காடும் சைட்டுகளாக மாறியதில் என் கைக்கும் பங்கு உண்டு. ஒரு வரைபடம் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும்போது அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். சாலை எத்தனை அடி, ஓடைக்கு எவ்வளவு இடைவெளி, பக்கத்துக் காட்டுக்காரருக்கு வழி எங்கே, மின்மாற்றி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி வரும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் என்று உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கோவைப் பக்கம் அதற்கு ரிசர்வ் சைட் என்று பெயர். அந்த மனைகளில் குடிவரப் போகிறவர்களின் குப்பை எங்கே போகும் என்று மட்டும் இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. விற்பவர் கேட்கவில்லை, வாங்குபவர் கேட்கவில்லை, அனுமதி கொடுக்கும் மேசையும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்த பிறகு, பெரிய மனைப்பிரிவுகளில் பூங்கா இடம் போகப் பொதுப் பயன்பாட்டுக்கென்று இன்னும் ஒரு சதவீதம் விடுகிறோம். அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. ஐந்து ஏக்கரில் மனை போட்டால், சாலையைக் கழித்துப் பார்க்கும்போது, உள்ளாட்சியின் பங்கு ஏறக்குறைய இரண்டு சென்ட் வரும். கையளவு நிலம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கரில் எழுபது வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் குப்பை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 112 கிலோ. அதில் பாதி சமையலறைக் கழிவும் இலைதழையும். மீதியில் பெரும்பகுதியைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வார். மக்கும் பாதியைத் தொட்டிகளில் போட்டு, நாற்பது நாள் புரட்டி, உரமாக்க வேண்டிய மொத்தக் கொள்ளளவு ஆறு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். கூரை போட்ட ஒரு கொட்டகை, நான்கைந்து தொட்டிகள், கழுவ ஒரு குழாய், சுற்றி ஒரு வரிசை வேம்பு. இரண்டு சென்ட் தாராளம்.

அந்த இரண்டு சென்ட் இப்போது என்ன ஆகிறது? தண்ணீர்த் தொட்டி வந்தால் நல்லது. பல இடங்களில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. சில இடங்களில் பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டை ஓர் அடி தள்ளிக் கட்டியிருப்பார்.

சட்டம் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2016 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்து, 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளை ஒரு முறை பொறுமையாகப் படித்தால் வியப்பாக இருக்கும். அவை சொன்னது இது. ஒவ்வொரு நகரத்தின் முழுமைத் திட்டத்திலும் (மாஸ்டர் பிளான்) குப்பையைப் பக்குவப்படுத்தவும் மிச்சத்தைப் புதைக்கவும் இடம் ஒதுக்கப்படுவதை மாநில நகர்ப்புற வளர்ச்சித் துறை உறுதிசெய்ய வேண்டும். பல ஊர்கள் சேர்ந்து பொதுவான கிடங்கு வைத்துக்கொண்டால் மட்டும் விலக்கு. அந்த நிலத்தை அடையாளம் காண மாவட்ட ஆட்சியர் உதவ வேண்டும். அதற்குக் கொடுத்த கெடு ஓராண்டு. 200 வீடுகளைத் தாண்டிய அடுக்ககமோ 5,000 சதுர மீட்டரைத் தாண்டிய வணிக வளாகமோ தரம் பிரிக்கவும் அங்கேயே பக்குவப்படுத்தவும் தனி இடம் காட்ட வேண்டும். தொழிற்பேட்டை அமைப்பவர் மறுசுழற்சிக்கென்று ஐந்து சதவீத நிலம் விட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து டன்னுக்கு மேல் கையாளும் நிலையம் என்றால், அதைச் சுற்றி வீடு கட்டக் கூடாத ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை ஊரமைப்புத் துறை நிலப் பயன்பாட்டு வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். என் வாசிப்பில், தனித்தனி மனையாகப் பிரித்து விற்கும் சாதாரண மனைப்பிரிவு இந்த விதிகளின் பிடியில் நேரடியாகச் சிக்கியதில்லை. ஆனால் வரைபடத்தில் அந்த இடைவெளி இருந்தால், அதற்குள் நானே மனை போட்டுக் கொடுக்க முடியாது. இல்லாததால்தான் கிடங்கின் மதில் வரைக்கும் மனை போகிறது. முதலில் கிடங்கு வந்ததா, வீடு வந்ததா என்ற சண்டை பிறகு நீதிமன்றம் வரை போகிறது.

கோவையின் முழுமைத் திட்டம் 1994-இல் அனுமதி பெற்றது. அதற்கடுத்த திட்டத்தின் வரைவு, 2041-ஐ மனத்தில் வைத்துத் தயாரானது, 2024-இல்தான் மக்கள் கருத்துக்கு வந்தது. இடையில் முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில்தான் அவிநாசி சாலையின் இருபுறமும் நிரம்பியது, சரவணம்பட்டி நகரமானது, 2011-இல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தது, நாள் குப்பை ஆயிரம் டன்னைத் தாண்டியது. இவ்வளவும் பழைய வரைபடத்தின் மேல் நடந்தது.

சரி, இப்போதாவது புதிதாக ஓர் இடம் தேடலாம் என்றால் எங்கே போவது? ஒரு நாள் கவராயத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த 2016 விதிப்படி குப்பை புதைக்கும் கிடங்கு விமான நிலையத்திலிருந்தும் விமானப்படைத் தளத்திலிருந்தும் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குப்பை இருந்தால் பருந்தும் காகமும் வரும், அவை விமானத்துக்கு ஆபத்து என்பதுதான் காரணம். சிறப்புத் தேவை என்றால் தடையின்மைச் சான்று பெற்றுப் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் வைக்கலாம். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டை நடுவாக வைத்து இழுத்த வட்டம் மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் போய் நின்றது. வடக்கே அன்னூரையும் தெற்கே கிணத்துக்கடவையும் நெருங்கியது. சூலூர் விமானப்படைத் தளத்தை நடுவாக வைத்து இன்னொன்று இழுத்தால் அது பல்லடத்தைத் தாண்டிவிட்டது. கோவையின் குப்பைக் கிடங்கு இருக்கும் வெள்ளலூர் இரண்டு வட்டத்துக்கு உள்ளேயும்தான் இருக்கிறது. வட்டத்துக்கு வெளியே மேற்கில் மிஞ்சுவது மலையும் யானை நடமாடும் காடும். ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர் என்று அடுத்தடுத்துக் கழித்துக்கொண்டே வந்தால் மேசையில் இருந்த படம் முழுக்கக் கோடாகிவிட்டது.

குளம் என்றதும் இன்னொன்று. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபின், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் என்று ஏற்பாடாகியிருக்கிறது. பல தலைமுறையாக வறண்டு கிடந்த குட்டையை ஊராட்சிகள் பேச்சுவழக்கில்கூடக் குட்டையாக மதிக்கவில்லை. குப்பை வண்டி போய்ச் சாய்ப்பதற்கு வாகான பள்ளம், அவ்வளவுதான். தண்ணீர் வரும் குட்டைக்கு 200 மீட்டர் கணக்கு உண்டு. பழைய குப்பையை எடுக்காமல் குழாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வல்லுநர் வேண்டாம்.

வரைபடத்தில் இடம் இல்லாதபோது குப்பை எங்கே போகும்? பாறைக்குழிக்குப் போகும். திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜல்லிக்காகவும் எம்-சாண்டுக்காகவும் தோண்டிவிட்டுப் போன குழிகள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. ஆடு விழும், பிள்ளைகள் நீந்தப் போய் உயிர் விடுவார்கள், ஆகவே மூடுவது நல்லதுதானே என்று அதிகாரிகள் சொல்லும்போது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். குழியும் மூடியாயிற்று, குப்பையும் போயிற்று. ஆனால் பாறைக்குழியின் இயல்பு தெரிந்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். நம் வட்டாரத்தின் பாறை கெட்டிப் பாறை. தண்ணீர் அதன் உடம்பில் ஊறுவதில்லை, வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. ஆயிரம் அடி போர் போடும்போது எந்த அடியில் தண்ணீர் பீய்ச்சும் என்று யாராலும் சொல்ல முடியாததும் இதனால்தான். வெடிவைத்துத் தகர்த்த குழியில் அந்த வெடிப்புகள் இன்னும் பெருகியிருக்கும். மழை பெய்தால் குழி பெரிய கிணறாகும். அதில் குப்பையைக் கொட்டினால் அழுகிய சாறு எந்தத் தோட்டத்துப் போர்வெல்லில் எப்போது ஏறும் என்பது யாருக்கும் தெரியாது.

2016 விதிகள் கேட்டதோ வேறு. புதைகுழியின் அடியில் 90 சென்டிமீட்டர் கனத்துக்கு நீர் புகாத களிமண் தளம், அதன்மேல் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் விரிப்பு. களிமண் தளத்துக்குக் கீழே இரண்டு மீட்டர் வரை எந்தக் காலத்திலும் நிலத்தடி நீர் வரக் கூடாது. கசியும் சாற்றைக் குழாய் வைத்து இழுத்துச் சுத்திகரிக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவரில் களிமண்ணை எப்படி ஒட்டுவது? செய்யவே முடியாது என்று சொல்லவில்லை. செய்தால் செலவு எகிறும். அதனால் யாரும் செய்வதில்லை. லாரி பின்னோக்கி வருகிறது, சாய்க்கிறது, போகிறது.

எங்கள் ஊராட்சி எல்லையிலும் ஒரு குழி உண்டு. பக்கத்து நகரத்தின் குப்பையை அங்கே கொட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது கிராம சபையில் அதை விளக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கையில் புல எண் போட்ட ஒரு வரைபடம். மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு மாடு மேய்க்கும் ஓர் ஆத்தா எழுந்து, "ஏனுங்க தம்பி, இதில் எங்கள் கிணறு எங்கே இருக்கிறதுங்க?" என்று கேட்டார். அந்தப் படத்தில் கிணறே குறிக்கப்படவில்லை. வருவாய்த் துறையின் புலப் படத்தில் இருக்கும் கிணறுகள்கூட அதில் இல்லை. "தற்காலிகமாகத்தானுங்கம்மா" என்றார் ஒருவர். எந்தத் தேதி வரை என்று ஆத்தா கேட்டார். அதற்குத் தேதியாக ஒரு பதில் வரவில்லை.

இதை நான் அந்தத் தம்பியின் குறையாகச் சொல்லவில்லை. அவர் மேலே சொன்னதைக் கீழே வந்து சொல்கிறார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுவான நகரக் குப்பை நிலையம் அமைக்கச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். மக்கள் கருத்துக்கேட்பும் அதில் அடங்கும். தற்காலிகம் என்று தொடங்கும் இடத்துக்கு ஆய்வும் இல்லை, கருத்துக்கேட்பும் இல்லை, மூடும் நாளும் இல்லை. போராட்டம் பண்ணினால் வளர்ச்சிக்கு எதிரி என்ற பட்டம் மட்டும் உண்டு.

கொங்கு நாட்டு விவசாயி இந்தப் பட்டத்தை ஏற்கத் தேவையில்லை. அவருடைய நினைவில் ஒரத்துப்பாளையம் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. திறந்துவிட்டால் பயிர் கருகும் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்று வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகே ஊர் அசைந்தது. வெள்ளலூரும் நினைவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குடம் குடமாகக் கிடைத்த ஊர் அது. நொய்யல் கரையின் பழைய வணிகப் பெருவழியில் இருந்தது. இன்று 650 ஏக்கர்க் கிடங்கின் பெயராக மட்டும் செய்தித்தாளில் வருகிறது. 2024 ஏப்ரலில் அங்கே பற்றிய தீ பல நாள் புகைந்தது. காற்றுப் புகாமல் அடைத்துக் கிடக்கும் ஈரக் குப்பை மீத்தேனை உண்டாக்கும்; கோடையில் ஒரு பொறி போதும். போத்தனூரில் இருக்கும் என் அத்தை மகள் அந்த வாரம் முழுதும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நகரத்துக் குப்பை வேண்டாம் என்று தீர்மானம் போட்ட எங்கள் ஊர், தன் குப்பையை எங்கே போடுகிறது? தூய்மைக் காவலர் அம்மா தள்ளுவண்டியில் எடுத்துக்கொண்டுபோய் ஓடைக் கரையில்தான் கொட்டுகிறார்; வாரம் ஒரு முறை யாரோ தீ வைக்கிறார்கள். இரவில் கறிக்கடைக்காரர் மூட்டை மூட்டையாகக் கோழி இறகையும் குடலையும் வீசிவிட்டுப் போகிறார். நமக்கு வேண்டாததை அடுத்தவன் எல்லையில் தள்ளும் பழக்கத்தில் நகரம், கிராமம் என்ற வேறுபாடு எதையும் நான் பார்த்ததில்லை.

நகரத்துக்காரர்களும் தங்கள் வாசலில் எதையும் ஏற்பதில்லை. வார்டுதோறும் நுண் உர மையம் என்று கோவையில் ஆரம்பித்தபோது ரிசர்வ் சைட்டில் கட்டப் போனார்கள். குடியிருப்போர் சங்கங்கள் மறித்தன. பூங்காவுக்கு விட்ட இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதில் சட்டப்படி பிழையே இல்லை. அந்த மனைகளை வரையும்போதே குப்பைக்கு இரண்டு சென்ட்டைத் தனியாகக் குறித்து, விற்பனைப் படத்திலும் காட்டியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் வாங்குவார், வேண்டாதவர் வேறு சைட் பார்ப்பார். வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் முடிந்தபின் எதிரில் கொட்டகை வந்தால் யாருக்கும் கோபம் வரும்.

குப்பை சார்ந்த எல்லாத் தொழிலையும் மக்கள் எதிர்க்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் எங்கே போகிறது? நிறம் பிரித்து, நார் நாராகக் கிழித்து, வெள்ளகோவில், உடுமலை, பல்லடம் பக்கத்து ஓப்பன் எண்ட் மில்களில் மறுபடி நூலாகிறது. மில்களின் கழிவுப் பஞ்சும் அங்கேதான் போகிறது. பழைய பாட்டில்களிலிருந்து எடுத்த பாலியெஸ்டர் நார்கூட வருகிறது. இந்த மில் எங்கள் ஊரில் வேண்டாம் என்று எந்தக் கிராம சபையும் தீர்மானம் போட்டதாக நான் கேட்டதில்லை. தேங்காய் மட்டையைக் கயிறாகவும் நார்க்கழிவாகவும் மாற்றும் பொள்ளாச்சிப் பக்கம் தண்ணீர் கறுக்கிறது என்ற புகார் உண்டு. ஆனாலும் மட்டைக்கு விலை இருக்கிறது, வேலை இருக்கிறது. பிரித்து வந்த கழிவைக் காசு கொடுத்து வாங்கும் இடம் தொழிற்சாலை. கலந்து வந்த கழிவைக் கூலி வாங்கிக்கொண்டு கொட்டும் இடம் கிடங்கு. முதலாவதை வரவேற்று இரண்டாவதை மறிக்கும் ஊர் முட்டாள் ஊர் அல்ல.

நாமக்கல் நகராட்சி 2000-களின் தொடக்கத்திலேயே வீடுதோறும் வாங்கித் தரம்பிரித்துக் குப்பையில்லா நகரம் என்று பெயர் எடுத்தது. அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பெரிய கிடங்குக்கு டெண்டர் விட்டார்கள்.

எங்கள் ஊரின் மனுவை எழுதும் வேலை, படம் போடத் தெரியும் என்பதால், என்னிடம் வந்தது. குழியைச் சுற்றிக் கிணறுகளையும் போர்வெல்களையும் வரப்போடு நடந்து குறித்தேன். ஆடு மேய்க்கும் பையன்கள் எனக்குத் தெரியாத இரண்டு கிணறுகளைக் காட்டினார்கள். மனுவில் வேண்டாம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் நிபந்தனைகளும் எழுதலாம் என்பது என் எண்ணம். நகரம் மக்கும் குப்பையை ஒவ்வொரு வார்டிலும் தானே முடித்துக்கொள்ள வேண்டும். எரியக்கூடிய பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைக்குப் போக வேண்டும். குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது ஐந்து சதவீதத்துக்கு அந்தக் குப்பை எரிபொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்லின, மதுக்கரை சிமென்ட் ஆலை ஒன்றும் தொலைவில்லை. அதற்கும் மிஞ்சும் சாம்பலும் செங்கல் கட்டியும் மட்டும், முறைப்படி அனுமதி பெற்ற, விரிப்புப் போட்ட, வரைபடத்தில் இடைவெளியோடு குறித்த ஓர் இடத்துக்கு வரட்டும். சுற்றியுள்ள போர்வெல் தண்ணீரை முதல் லாரி வருவதற்கு முன் ஒரு முறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் சோதித்து ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். மூடும் தேதி எழுத்தில் வேண்டும்.

என் பெரியப்பா மகன் அண்ணனுக்கு இதில் ஒப்புதல் இல்லை. "நிபந்தனை எழுதினால் சம்மதம் எழுதின மாதிரிதான். நாளைக்கு நிபந்தனையை விட்டுவிட்டுச் சம்மதத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்" என்கிறார். ஒரத்துப்பாளையத்துக் கீழே நிலம் வைத்திருந்தவர் அவர். வெறுமனே மறுத்தால் அந்த லாரி இன்னும் ஏழை ஊர் ஒன்றின் குழிக்குப் போகும் என்று நான் சொன்னால், அது அந்த ஊரின் கிராம சபை பார்த்துக்கொள்ள வேண்டியது என்கிறார். மனு இரண்டு வடிவத்திலும் தட்டச்சாகி இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் எதை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.